கடலோர ஊரில் ஒரு விளையாட்டு மன்றம்: எங்கிருந்து தொடங்குவது?

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் வாலிபால் ஆடுகிறோம். சின்னப் பசங்களும் வந்து நிற்கிறார்கள். லாப நோக்கம் இல்லாமல் ஒரு விளையாட்டு மன்றம் ஆரம்பிக்கலாம் என்று பேச்சு. பதிவு செய்வது எப்படி, பணம் எங்கிருந்து வரும், முதலில் எதைச் செய்வது?"

தம்பி, பதிவைப் பற்றித்தான் முதலில் கேட்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். நான் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன்.

நம் மாவட்டத்தில் மன்றங்களுக்குப் பஞ்சமே கிடையாது. மார்கழி பாதி தாண்டியதும் தெருவுக்கு ஒன்று முளைக்கும். ரசீதுப் புத்தகம் அடிப்பார்கள், கடை கடையாக ஏறி இறங்குவார்கள், ஃபிளெக்ஸில் நாற்பது முகம் சிரிக்கும், காணும் பொங்கலன்று விடிய விடியக் கபடி நடக்கும். கப் கொடுத்து முடித்ததும் மன்றமும் முடிந்துவிடும். அடுத்த மார்கழி வரை மைதானத்தில் ஆடு மேயும். அது டோர்னமெண்ட் கமிட்டி. அதில் தப்பு ஒன்றுமில்லை, ஊருக்கு ஒரு நாள் கொண்டாட்டம். ஆனால் நீங்கள் கேட்பது வேறு. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு யாரென்றே தெரியாத ஒரு பையன் வந்து நின்றால், அங்கே நெட் கட்டியிருக்க வேண்டும். "வா தம்பி, இந்தப் பக்கம் நில்லு" என்று சேர்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும். வருடம் முழுக்க இது நடந்தால் உங்களிடம் மன்றம் இருக்கிறது. பதிவு, நிதி, பேனர் எல்லாம் இதைத் தாங்கிப் பிடிக்கத்தான்.

ஆகவே முதல் வேலை, நாளையும் ஆளையும் முடிவு செய்வது. தினமும் நடத்துகிறோம் என்று ஆரம்பிக்காதீர்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். ஆனால் அந்த மூன்று நாளும் தவறக் கூடாது. ஒவ்வொரு நாளுக்கும் ஒருவர் பொறுப்பு. பந்து, நெட், பம்ப், முதலுதவிப் பெட்டி எல்லாம் ஒரு பூட்டுப் போட்ட பெட்டியில் இருக்கட்டும். சாவி இரண்டு பேரிடம், இரண்டு வேறு வீட்டில். சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் போன நாளெல்லாம் மைதானம் காலி. அதோடு, பெட்டியை வைத்திருப்பவரே மெல்ல மெல்ல மன்றத்தின் முதலாளியாகிவிடுவார், அவர் நல்லவராகவே இருந்தாலும்.

அடுத்தது இடம். கடலோரத்தில் சும்மா கிடப்பதுபோல் தெரியும் இடம் எதுவும் சும்மா கிடப்பதில்லை. காலையில் கருவாடு காயும், பகலில் வலை பின்னுவார்கள், மாசி மகத்துக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது கூட்டம் நிற்கும். ஆகவே ஊர் நாட்டாரிடமும் பஞ்சாயத்தாரிடமும் முதலில் போய் நில்லுங்கள். "இடம் வேண்டும்" என்று கேட்காதீர்கள். "வாரத்தில் மூன்று நாள், நாலரை முதல் ஆறரை வரை, ஆடி முடித்ததும் போஸ்ட்டைக் கழற்றிவிடுவோம்" என்று கேளுங்கள். மறுப்பது கடினம். கான்கிரீட் தளம், நிரந்தரக் கட்டடம் என்று யாராவது ஆசை காட்டினால் கவனம்: கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அனுமதியில்லாமல் எதையும் கட்டக் கூடாது. இடம் புறம்போக்கா, பள்ளிக்கூடத்துடையதா, மாநகராட்சியுடையதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளி மைதானம் என்றால் தலைமை ஆசிரியரிடம் வாய்மொழி அனுமதி போதாது, எழுத்தில் வாங்குங்கள். அவர் மாறுதலில் போய்விட்டால் புதியவர் உங்களை யாரென்றே கேட்பார்.

கோர்ட் போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வாலிபால் கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். அடி வைத்து அளந்தால் கோணல் வந்துவிடும். ஒரு டேப் வாங்குங்கள். ஒரு பக்கத்துக் கோர்ட் 9-க்கு 9 சதுரம். நான்கு மூலையிலும் குச்சி நட்ட பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 12.73 மீட்டர் வந்தால் சதுரம் சரி. வராவிட்டால் குச்சியை நகர்த்துங்கள், மனத்தைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். மணலில் சுண்ணாம்புக் கோடு பத்து நிமிஷம் நிற்காது. நைலான் நாடாவை மூலைகளில் கொக்கி போட்டு இழுத்துக் கட்டுங்கள். போஸ்ட்டைப் பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டராவது தள்ளி நடவேண்டும், ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தரைக்குள் ஒரு பெரிய பைப்பைப் புதைத்து, அதற்குள் ஜி.ஐ. பைப்பைச் செருகி எடுக்கிறமாதிரி வையுங்கள். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். வருடத்துக்கு ஒரு முறை துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். நெட் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. பைப்பில் இரண்டு உயரத்துக்கும் இப்போதே கொக்கி வைத்து வெல்டு பண்ணிவிடுங்கள். பெண்கள் ஆட வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் வரமாட்டார்கள். கொக்கி இருந்தால் வருவார்கள் என்று உத்தரவாதமில்லை, ஆனால் இல்லாவிட்டால் நிச்சயம் வரமாட்டார்கள்.

கபடியும் சேர்க்கலாம் என்று உங்களில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. இடம் குறைவுதான், பொருள் செலவும் இல்லை. ஆனால் முதல் வருடம் ஒரே விளையாட்டோடு நில்லுங்கள். இரண்டு விளையாட்டு என்றால் இரண்டு கோஷ்டி.

யாரைச் சேர்ப்பது, என்ன பெயர் வைப்பது என்பதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். நடிகர் பெயர், தலைவர் பெயர், கட்சிக் கொடியின் நிறத்தில் ஜெர்சி, எதுவும் வேண்டாம். சாதியை நேராகவோ மறைமுகமாகவோ சொல்லும் பெயர் வேண்டவே வேண்டாம். ஊர் பெயரை வையுங்கள், அதுவும் தெரு பெயரை அல்ல. நம் பக்கத்தில் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் நடக்கும் மேட்ச் எத்தனை சுலபமாகக் கைகலப்பாகும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு அணியாக மோதவிட்டால்தான் அந்த வம்பு. பயிற்சியில் ஒரே அணிக்குள் கலந்து நிற்க வைத்தால், நீ தூக்கிக் கொடுத்தால்தான் நான் அடிக்க முடியும் என்ற நிலைமை வரும். மைதானம் எந்தத் தெருவுக்குள்ளும் இல்லாமல், எல்லோரும் யாரையும் கேட்காமல் வந்துபோகக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். செயற்குழுவில் ஏழு பேர் என்றால் ஏழும் ஒரே தெருவாக இருக்கக் கூடாது. இதைப் பைலாவில், அதாவது மன்றத்தின் விதிகளில், எழுத முடியாது. நீங்களாகத்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

குடித்துவிட்டு மைதானத்துக்குள் வரக் கூடாது. புதுச்சேரி எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் இதை முதல் விதியாகவே வைக்க வேண்டும். யாருக்கும் விலக்கு கிடையாது, பணம் கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான்.

புதுச்சேரி என்றதும் ஒன்று. அங்கே பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெத்தாங்க் ஆட்டத்தை இன்னும் ஆடுகிறார்கள். முக்கால் கிலோ வாக்கில் எடையுள்ள இரும்புக் குண்டை ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் எறிய வேண்டும், அவ்வளவுதான். தாத்தாவும் பேரனும் ஒரே ஆட்டத்தில் நிற்கலாம். உங்கள் ஊரில் கரையில் உட்கார்ந்து பொழுது போக்கும் பெரியவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்றைக் காட்டிவிட்டால், மைதானத்துக்கு எதிராக ஊர்க்கூட்டத்தில் பேச ஆள் குறையும். விளையாட்டாகச் சொல்லவில்லை.

பிள்ளைகள் விஷயம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள ஒருவரைச் சேர்த்த நிமிஷத்திலிருந்து உங்கள் பொறுப்பு வேறு. அப்பா அல்லது அம்மா கையெழுத்திட்ட ஒரு தாள், அதில் போன் நம்பர், ஏதேனும் உடம்புக் கோளாறு இருந்தால் அது, இரத்த வகை. பயிற்சியில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒற்றை ஆளாக யாரும் பிள்ளைகளைத் தனியாக வைத்துச் சொல்லிக்கொடுப்பதோ, வெளியூர் மேட்சுக்கு பைக்கில் ஏற்றிப்போவதோ கூடாது. தனிப்பட்ட வாட்ஸாப் செய்தியும் வேண்டாம், பெற்றோர் இருக்கும் குரூப்பில் போடுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். "ஊருக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்பதற்கு அங்கே இடமே கிடையாது. செயற்குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

பெண் பிள்ளைகள் வரவேண்டுமென்றால் நேரத்தைப் பாருங்கள். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிச்ச நேரம் என்று கொடுத்தால் அது கொடுக்காததற்குச் சமம். முதல் நேரம் அவர்களுக்கு. இரண்டு அம்மாக்கள் வந்து உட்கார நாற்காலி போடுங்கள். பக்கத்தில் எந்த வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதை யோசிக்காமல் விட்டதால் நின்றுபோன பெண்கள் அணிகள் அதிகம்.

இனி பணம். நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே தேவைப்படும். இருபது பேர், மாதம் ஐம்பது ரூபாய் சந்தா என்றால் வருடத்துக்கு 12,000 வருகிறது. இரண்டு நல்ல பந்து, ஒரு நெட், நாடா, பெயிண்ட், மருந்துப் பெட்டி இதற்குள் அடங்கும். போஸ்ட்டுக்கு மட்டும் ஒரு முறை நன்கொடை வாங்கலாம், அதையும் பணமாக வாங்காமல் பைப்பாக வாங்குங்கள். வெல்டிங் பட்டறைக்காரர் ஊர்க்காரராக இருந்தால் கூலியே அவருடைய நன்கொடை.

சந்தாவை மீன்பிடித் தொழிலின் கணக்கில் வையுங்கள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் அப்போது வீட்டில் இருப்பார்கள். மைதானத்துக்கு நல்ல கூட்டம் வரும், கையில் காசு இருக்காது. அந்த இரண்டு மாதமும் சந்தா கிடையாது என்று முன்பே அறிவித்துவிடுங்கள்; வருட வரவு 10,000 ஆகக் குறைந்தாலும் பரவாயில்லை. தர முடியாமல் கூசிக்கொண்டு வராமல் நின்றுவிட்டவனைத் திரும்ப அழைத்துவருவது ரொம்பக் கடினம்.

மாதாமாதம் வரவு செலவை ஒரு தாளில் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள், குரூப்பிலும் போடுங்கள். "பந்து 1,450, பம்ப் ஊசி 30, கையிருப்பு 2,215" என்று இவ்வளவு சாதாரணமாக இருந்தால் போதும். சந்தேகம் வருவதற்கு முன்பே கணக்கு கண்ணில் பட்டுவிட வேண்டும். பொருளாளருடைய சொந்தக் கூகுள் பேயில் வாங்காதீர்கள். அவர் வீட்டு மளிகைக் கணக்கும் மன்றக் கணக்கும் ஒன்றாகக் கலந்தால் பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. பதிவாகும் வரை இரண்டு பேர் பெயரில் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு. தேர்தல் வருடங்களில் ஜெர்சி வாங்கித் தருகிறேன் என்று எல்லாக் கட்சியிலிருந்தும் வருவார்கள். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். வாங்கினால் முதுகில் யார் பெயரும் அச்சிடக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

இப்போது பதிவு. சில மாதம் ஆடிப் பார்த்து, இந்த ஏழெட்டுப் பேர் நிலைத்து நிற்பார்கள் என்று தெரிந்ததும் போங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். வருட வரவோ செலவோ பத்தாயிரத்தைத் தொட்டால் பதிவு கட்டாயமாகிறது; மேலே போட்ட சந்தாக் கணக்கிலேயே நீங்கள் அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறீர்கள், ஆகவே இது என்றைக்காவது செய்துகொள்கிற வேலை அல்ல. சங்கத்தின் குறிக்கோள்களைச் சொல்லும் ஆவணம், பைலா, உறுப்பினர் விவரம், அலுவலக முகவரிக்கான சான்று இவற்றோடு மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பைலாவை வேறொரு சங்கத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதும் பழக்கம் இருக்கிறது. அப்படி எடுத்தால் முதியோர் இல்லம் நடத்துவது, மரம் நடுவது எல்லாம் உங்கள் நோக்கமாக வந்து உட்காரும். நான்கு பக்கம் போதும்: யார் உறுப்பினராகலாம், சந்தா, ஒருவரை எப்படி நீக்குவது, கூட்டம் எப்போது, எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், காசோலையில் யார் யார் கையெழுத்து, சங்கம் கலைந்தால் மிச்சப் பணம் யாருக்கு. நீக்குவது பற்றிய பகுதியை எல்லோரும் நண்பர்களாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

"டிரஸ்ட் போட்டால் சுலபம்" என்று யாராவது சொல்வார். சுலபம்தான். ஆனால் டிரஸ்டில் அதிகாரம் அறங்காவலர்கள் கையில். ஆடுகிறவனுக்கு ஓட்டு இல்லை. மன்றத்துக்குச் சங்கம்தான் பொருத்தம். சட்டமே செயற்குழுவின் காலத்தை மூன்று வருடத்துக்கு மேல் போகவிடாது, அப்புறம் தேர்தல். நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். பதிந்தவர்களில் பலர் இதை மறந்துவிட்டு, ஏதாவது நிதி வரும் நேரத்தில்தான் பல வருடப் பாக்கியை அபராதத்தோடு கட்ட ஓடுவார்கள். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. ஏப்ரலிலேயே பொதுக்குழுவை வைத்துவிட்டால், தடைக்காலத்தில் ஆளும் வந்து சேரும். பதிவுச் சான்று கையில் வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் கார்டு, பிறகு வங்கிக் கணக்கு. நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவுக்கெல்லாம் இப்போது அலைய வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில் இருக்கும் பாகூர், கன்னியக்கோயிலிலிருந்தும் ஆட வருவார்கள். தாராளமாகச் சேருங்கள். ஆனால் சங்கத்தின் முகவரி எந்தப் பக்கம் என்பதைத் தெளிவாக வையுங்கள். புதுச்சேரியில் பதிவது 1860-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ், அலுவலகமும் வேறு. ஒரே ஆள் ஒரே சமயத்தில் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஆட முடியாது என்பதையும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "சர்டிபிகேட் கிடைக்குமா?" என்பதுதான். அரசு வேலையில் 3% விளையாட்டு ஒதுக்கீடு இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்லுங்கள்: ஊர் டோர்னமெண்டில் கொடுக்கும் சான்றிதழ் அதற்குச் செல்லாது. அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் வழியாக மேல்மட்டப் போட்டிகளில் ஆடியதுதான் கணக்கு. சங்கப் பதிவு வேறு, மாவட்ட வாலிபால் சங்கத்தில் இணைப்பு வாங்குவது வேறு. இரண்டாவதையும் செய்தால்தான் உங்கள் பையன் மாவட்டத் தேர்வுக்குப் போய் நிற்க முடியும். அண்ணா விளையாட்டு அரங்கத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலரை ஒரு முறை போய்ப் பாருங்கள். எதுவும் கேட்காமல், "இந்த ஊரில் இந்த நாளில் இத்தனை பேர் ஆடுகிறோம்" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்தாலே போதும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி, கல்லூரி தவிரப் பொதுமக்கள் பிரிவும் உண்டு, 15 முதல் 35 வயது வரை. முன்பதிவு தொடங்கும்போது உங்களுக்கும் சேதி வரும். உங்கள் ஊர் மாநகராட்சி வார்டாக இல்லாமல் கிராம ஊராட்சியாக இருந்தால், 2024 முதல் ஊராட்சிகளுக்குக் கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். பிரிக்காமலேயே அலமாரியில் இருந்தால், ஆடுவதற்குத் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

அடிபடுவது நிச்சயம். வாலிபாலில் கணுக்கால், கபடியில் முட்டி ஜவ்வு. கணுக்கால் பிசகினால் உருவிவிடாதீர்கள், சுளுக்கு எடுக்கிறவரிடம் ஓடாதீர்கள். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள், கிரேப் பேண்டேஜ் சுற்றிக் காலைத் தூக்கி வையுங்கள், ஊன்ற முடியாவிட்டால் எக்ஸ்ரே. ஐஸ் உங்கள் ஊரில் மீன் வாடியிலேயே கிடைக்கும். பதினெட்டு வயதானவர்கள் அனைவரையும் வங்கியில் வருடம் 20 ரூபாய்க்கான பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேர வையுங்கள். ஆனால் அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், அதிகபட்சம் 2 லட்சம்; ஜவ்வு ஆபரேஷனுக்கு ஒரு பைசா வராது. சந்தாவில் பத்து ரூபாயை இதற்கென்று தனியாக ஒதுக்கி வைத்தால் ஸ்கேன் எடுக்கும் நாளில் கைகொடுக்கும்.

டோர்னமெண்ட் நடத்தாமல் இருக்க முடியாது என்பீர்கள். நடத்துங்கள், இரண்டாம் வருடம். காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள், இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. விளக்குக்குத் தெருக் கம்பத்தில் கொக்கி போடுவது சட்டப்படி திருட்டு, உயிருக்கும் ஆபத்து. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க முடியாவிட்டால் பகலில் நடத்துங்கள். டோர்னமெண்டில் மிஞ்சும் பணம் மன்றக் கணக்குக்கு வரவேண்டும், பிரியாணிக்குப் போகக் கூடாது. பிரியாணி வேண்டுமானால் அதற்குத் தனி வசூல்.

எப்போது ஆரம்பிப்பது? ஐப்பசியில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் மார்கழி வரை மைதானம் குளமாக நிற்கும், ஆரம்பித்த வேகம் நனைந்துபோகும். தை பிறந்து, ஆற்றுத் திருவிழா கூட்டமெல்லாம் அடங்கிய பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பாருங்கள். திறப்பு விழா, ரிப்பன், சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். நாலரைக்கு நெட்டைக் கட்டுங்கள். அதற்கு அடுத்த வியாழனும் கட்டுங்கள்.